சிறைக்குள் போகும் மனநோயாளியின் முதல் நாட்கள்: அண்ணனை இழந்த ஒரு தங்கையின் அனுபவம்

கடுமையான மனநோய் உள்ள ஒருவர் நீதிமன்றக் காவலில் இறந்துவிட்டார் என்றால், கேட்பவர்கள் மனத்தில் இரண்டு காரணங்களே உடனே எழுகின்றன: யாரோ அடித்திருக்க வேண்டும், அல்லது அவரே உயிரை மாய்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அண்ணன் இறந்த பிறகு சட்டத் தன்னார்வத் தொண்டராகப் பதிவுசெய்துகொண்டு, நீதிமன்ற வளாகத்திலும் சிறை வாசலிலும் பிற குடும்பங்களோடு நின்றபோது நான் அதிகம் கண்டது மூன்றாவது வகைச் சாவு. மாத்திரை நின்றுபோகிறது, பிறகு பேச்சு நிற்கிறது, சாப்பாடு நிற்கிறது, தண்ணீரும் நிற்கிறது. யாருக்கும் தொந்தரவு தராமல் ஒரு மனிதர் சில நாட்களில் இறந்துபோகிறார். பதிவேட்டில் அது இயற்கை மரணம் என்று ஏறுகிறது. அந்தச் சாவைத் தடுத்திருக்கக்கூடிய செய்தி அநேகமாக அவருடைய வீட்டு அலமாரியில், அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்றில் இருந்திருக்கும். அந்தச் சீட்டு சிறை மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மற்றக் குடும்பங்களுக்குச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது கல்லூரியில் படிக்கும்போது. அம்மா முதலில், மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் போகும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்துப் பார்த்தார். பிறகுதான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வந்தோம். முதலில் கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. கடைசியாக க்ளோசபின் என்ற மாத்திரையைத் தொடங்கினார்கள். அது வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. அதில் அண்ணன் எழுந்து நின்றார். மாமாவின் அச்சகத்தில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தார். அம்மா இறந்த பிறகு தூக்கம் கெட்டது, மாத்திரையின் ஒழுங்கும் கொஞ்சம் குலைந்தது. ஒருநாள் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்பி, நின்றுகொண்டிருந்த அரசுப் பேருந்தின் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டார். யாருக்கும் காயமில்லை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவில் வழக்குப் பதிவானது.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றும் வழக்கமான நடைமுறைதான். அரசு மருத்துவமனையில் காட்டி, உடலில் காயமில்லை, காவலில் வைக்கலாம் என்று சீட்டு வாங்கினார்கள். இரவு நேரத்தில் நீதித்துறை நடுவரின் வீட்டில் முன்னிறுத்தினார்கள். நடுவர் கேட்ட கேள்விக்கு அண்ணன் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். காவல் ஆணையில் நோயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவே சிறை அலுவலகத்துக்குப் போன காகிதத்திலும் இல்லை. மறுநாள் மாத்திரைகளோடு சிறை வாசலுக்குப் போனபோது, வெளியிலிருந்து வரும் மருந்து உள்ளே போகாது, சிறை மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் முடியும் என்றார்கள். அந்த விதிக்குக் காரணம் உண்டு. மாத்திரை என்ற பெயரில் போதைப்பொருள் உள்ளே போவதும் நடப்பதுதான். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டுமானால் அவருக்கு நோய் தெரிய வேண்டும். அதைத் தெரிவிப்பதற்கென்று அந்த வாசலில் ஒரு வழி எனக்குக் காட்டப்படவில்லை.

முதல் முறை நேர்காணல் மனு போட்டுப் பார்த்தபோது அண்ணன் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேசுவதற்கான தொலைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். கொடுத்த உயரத்திலேயே கை நின்றது. உடன் வந்த காவலர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்: “ரொம்ப அமைதிங்கம்மா, ஒரு தொல்லையும் இல்ல.” அடுத்த முறை போனபோது அவர் நேர்காணலுக்கு வர மறுக்கிறார் என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கடுத்து வந்தது காவல் நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு: நெஞ்சுவலி என்று அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதே பிளாக்கில் இருந்த ஒரு பையன் ஜாமீனில் வந்ததும் விலாசம் விசாரித்து வீட்டுக்கு வந்தான். “அக்கா, வச்ச சோறு வச்ச எடத்துலயே இருக்கும். நாங்க ஊட்டிப் பாத்தோம், முழுங்க மாட்டாரு. கையத் தூக்கி விட்டா அப்படியே நிக்கும், இறக்கவே மாட்டாரு” என்றான். அவன் பார்த்ததை அப்படியே சொன்னான். அது மனநல மருத்துவப் பாடத்தில் உள்ள விவரிப்பேதான் என்பது அவனுக்குத் தெரியாது, எனக்கும் அன்றைக்குத் தெரியாது. மருத்துவர்கள் கேட்டடோனியா என்று சொல்லும் உறைநிலை அது. மனச்சிதைவிலும் இருதுருவ நோயிலும் வரும். க்ளோசபினைத் திடீரென்று நிறுத்தினாலும் வரும். பேச்சும் அசைவும் நின்று, வைத்த நிலையில் உடல் அப்படியே இருக்கும். பெரும்பாலானவர்கள் லோரசெபம் என்ற, எங்கும் கிடைக்கிற ஒரு மருந்திலேயே தேறுகிறார்கள். தேறாதவர்களுக்கு மின்னதிர்வு சிகிச்சை பலனளிக்கிறது. கவனிக்காமல் விட்டால் நீரிழப்பு, விழுங்கத் தெரியாமல் உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா, அசையாமல் கிடப்பதால் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது ஆகிய மூன்றில் ஒன்று உயிரை எடுக்கும். அண்ணனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்தது மூன்றாவது. நாற்பதைத் தொடாத, இதய நோய் எதுவும் இல்லாத ஒருவரின் நுரையீரல் தமனியில் அந்தக் கட்டி எப்படி வந்தது என்று கோப்பில் எவரும் கேட்டிருக்கவில்லை.

இந்த இயற்கை மரணம் என்ற பதிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தில் இந்தியச் சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அவர்களில் 1,773 பேர் இயற்கையாக இறந்தவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 159 பேர். அதில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மீதியுள்ளவர்களின் சாவுக்குக் காரணம் அப்போது முடிவாகவில்லை. என் அண்ணனைப் போன்றவர்கள் அந்தப் பெரிய எண்ணுக்குள்தான் அடங்கிவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றமே 2017 செப்டம்பர் 15-ஆம் தேதி, 1,382 சிறைகளின் நிலை குறித்த வழக்கின் தீர்ப்பில் இந்தப் பிரிவினையைக் கேள்விக்கு உட்படுத்தியது: சரியான மருத்துவ கவனிப்பு இல்லாமலோ, உரிய நேரத்தில் அது கிடைக்காமலோ ஒரு கைதி இறந்தால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. இதை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இயற்கை மரணம் என்று காகிதத்தைக் காட்டியதும் பெரும்பாலானவர்கள் அத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

நோயாளிகளின் எண்ணிக்கையும் அதே போலத்தான் இருக்கிறது. நாடு முழுவதும் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகளில் மனநோய் உள்ளவர்கள் 9,000-க்குச் சற்று மேல் என்று 2021-இன் அரசுக் கணக்கு சொன்னது. பெங்களூரு மத்திய சிறையில், தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 5,024 கைதிகளை ஒவ்வொருவராகப் பரிசோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கத்தைக் கணக்கில் சேர்க்காமலே நூற்றுக்கு 27 பேருக்கு மேல் கண்டறியத்தக்க ஏதோ ஒரு மனநோய் இருந்தது. கடுமையானது, இலேசானது எல்லாம் சேர்ந்த எண் அது; ஆனாலும் இந்த இடைவெளி எனக்குச் சொல்வது ஒன்றுதான். கேட்டுப் பார்க்கும் இடத்தில் நோய் தெரிகிறது. கேட்காத இடத்தில் கணக்கிலேயே ஏறுவதில்லை.

எந்த மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதைக் குடும்பம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எல்லாச் சிறை மருத்துவர்களும் மனநலம் படித்தவர்கள் அல்லர். க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் பழைய அளவை அப்படியே மறுபடி கொடுக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பு வரலாம், இதயமும் நிற்கலாம். 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே கடைசி மாத்திரை எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தார் என்பது மாத்திரையின் பெயருக்குச் சமமான முக்கியத்துவம் உள்ள செய்தி. இன்னொன்றைப் பலர் அறிவதில்லை: பீடி, சிகரெட் அதிகம் பிடிப்பவருக்கு அது உள்ளே கிடைக்காமல் நின்றுபோனால், அதே அளவு க்ளோசபினே இரத்தத்தில் மிகவும் கூடிவிடும், ஓலான்சபினுக்கும் இது ஓரளவு பொருந்தும். புகைக்கும் பழக்கம் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை என்பதையும் எழுதித் தர வேண்டும். க்ளோசபின் கொடுக்கும் மலச்சிக்கலைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. குடல் அடைத்து இறந்தவர்கள் உண்டு.

லித்தியம் எடுப்பவருக்கு ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். வயிற்றுப்போக்கோ, குறைவாகத் தண்ணீர் குடிப்பதோ, வலிக்குக் கொடுக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளோ சேர்ந்தால் லித்தியம் இரத்தத்தில் ஏறி விஷமாகும். கை கால் பெரிதாக நடுங்கும், வாந்தி வரும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்றோ நடிக்கிறார் என்றோ நினைப்பார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நிரம்பி வழியும் கொட்டடியில் மனநோய் மருந்தும், அதனோடு சேர்த்துத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரையும் எடுப்பவருக்கு வியர்வை குறைந்து உடல் சூடு இறங்காமல் போகலாம். காய்ச்சல், உடல் விறைப்பு, வியர்வை, குழப்பம் நான்கும் சேர்ந்து வந்தால், குறிப்பாக மனநோய்க்கான ஊசி போட்ட சில நாட்களுக்குள் வந்தால், அது மருந்தினாலேயே வரும் உயிராபத்து. அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாயடியை விட்டு நகராமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் நோயாளிகளும் உண்டு. அவர்களுக்கு உடலில் சோடியம் சரிந்து வலிப்பு வரும். மனநோயோடு குடிப்பழக்கமும் இருந்தால், குடி நின்ற இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வரும் நடுக்கமும் பிதற்றலும் பழைய மனநோயின் கணக்கில் எழுதப்பட்டு, வலிப்பு வரும் வரை சிகிச்சை தொடங்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்னிடம் வரும் குடும்பங்களுக்கு, கைதான செய்தி தெரிந்த நிமிடமே செய்யச் சொல்வது இதுதான். வீட்டில் உள்ள எல்லா மருத்துவச் சீட்டுகளையும் தேடிக்கொண்டிருக்காமல், கடைசிச் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் அது, எப்போதாவது உள்நோயாளியாக இருந்திருந்தால் வெளியேற்றச் சுருக்கம், இவற்றை மட்டும் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் கீழ் மனநோய்க்கும் அந்த அட்டை உண்டு. அரசே கொடுத்த ஆவணம் என்பதால் நீதிமன்றத்தில் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. அதோடு ஒரே பக்கத்தில், தமிழிலேயே, ஒரு தாள் எழுத வேண்டும்: நோயின் பெயர், மாத்திரைகளின் மருந்துப் பெயர் (கடைப் பெயர் மட்டும் போதாது), அளவு, கடைசியாக எடுத்த நேரம், மாதாந்திர ஊசி போடுபவரானால் அடுத்த ஊசி என்றைக்கு, ஒவ்வாமை, முன்பு தற்கொலைக்கு முயன்றதுண்டா, நோய் முற்றும்போது அவரிடம் முதலில் தெரியும் மாற்றம் என்ன, சிகிச்சை தரும் மருத்துவரின் தொலைபேசி எண். கடைசிக்கு முந்தியதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். ஒருவர் கத்துவார், ஒருவர் குளிப்பதை நிறுத்துவார், என் அண்ணன் பேச்சைக் குறைப்பார். அமைதியாக இருப்பது இவருக்கு நோயின் அடையாளம் என்று எழுதிவைத்தால்தான், காவலர் அதை நல்ல நடத்தை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்.

அந்தத் தாளை முன்னிறுத்தும் நேரத்திலேயே நடுவரிடம் சேர்க்க முயல வேண்டும். வழக்கறிஞர் இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். காவலுக்கு அனுப்பும் கட்டத்திலேயே இலவசமாக ஒருவர் வந்து நிற்பார். அவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி: இவருக்கு இன்ன நோய், இன்ன சிகிச்சை, உடனே மனநல மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று சிறைக் கண்காணிப்பாளருக்குக் காவல் ஆணையிலேயே எழுத வேண்டும். ஜாமீன் மனுவைவிட இதை முதலில் கேட்கச் சொல்கிறேன். ஜாமீன் கிடைக்க நாட்களாகும். மாத்திரை அன்றிரவே வேண்டும். நோயாளி என்பதே ஜாமீனுக்குக் கருதத்தக்க காரணம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கை நடத்த இயலாத அளவு மனநிலை பாதிக்கப்பட்டவரைச் சிகிச்சைக்கோ குடும்பத்தின் பொறுப்பிலோ விடுவதற்கு 369-ஆம் பிரிவு இருக்கிறது. இவை இரண்டும் அடுத்த கட்டம்.

அதே தாளின் இன்னொரு நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனுவாக எழுதி, சிறை மருத்துவருக்கும் நல அலுவலருக்கும் நகல் என்று குறிப்பிட்டு, நேரில் கொடுத்து, நம் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை தரத் தயங்கினால் அன்றைக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கும் ஒன்று அனுப்பிவிட வேண்டும். யாரையும் மிரட்டுவதற்காக அல்ல. எழுத்தில் வந்த நோய்க்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் அந்தக் காகிதம் தானாகவே மருத்துவரிடம் நகர்கிறது. இப்படி ஒரு மனு போன அன்று மாலையே சிறை மருத்துவர் தம் கைப்பேசியிலிருந்து குடும்பத்தை அழைத்து மருந்தளவை விசாரித்ததும் நடந்திருக்கிறது. சிறை மருத்துவர்களில் பலர் செய்யத் தயாராகவே இருக்கிறார்கள். அவர்களிடம் செய்தி போவதில்லை. மாத்திரை சிறையில் இல்லாவிட்டால் வெளியிலிருந்து வாங்கித் தர அனுமதி கேட்டு அந்த மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நம் கையில் உள்ள நல்ல கருவி. சிறை வாசலில் அதை அறிந்தவர்கள் குறைவு. 31-ஆம் பிரிவு சிறை மருத்துவர்கள் எல்லோருக்கும் அடிப்படை மனநலச் சிகிச்சையும் அவசர மனநலச் சிகிச்சையும் தரப் பயிற்சி அளிக்கும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 103-ஆம் பிரிவு மனநோய் உள்ள கைதியைச் சிறை மருத்துவமனையின் மனநல வார்டுக்கோ, அது இல்லாத இடத்தில் இதே சட்டப்படி அமையும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியோடு வெளி மனநல மருத்துவமனைக்கோ மாற்ற வழி செய்கிறது. மாநிலத்தில் குறைந்தது ஒரு சிறையிலாவது அப்படிப்பட்ட மனநலப் பிரிவு இருந்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. 14-ஆம் பிரிவின்படி நோயாளி தன் சிகிச்சை பற்றித் தன் சார்பில் பேச ஒரு நியமனப் பிரதிநிதியைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கலாம். நோயோடு வாழும் ஒவ்வொருவரின் வீட்டிலும் இந்தக் காகிதம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் யார், உங்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அது பாதி அடக்கிவிடும்.

மாற்ற ஆணை கிடைத்த பிறகும் ஒரு தடை வரும், அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும்: வழிக்காவல். கைதியை வெளி மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆயுதப்படைக் காவலர்கள் வர வேண்டும். திருவிழாவோ தலைவர் வருகையோ இருந்தால் ஆள் இருக்காது, மருத்துவர் கொடுத்த தேதி தவறிவிடும். தேதி தவறியதை அன்றைக்கே வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் ஒரு குறிப்பாகப் பதிவுசெய்தால் அடுத்த தேதிக்குப் பெரும்பாலும் வண்டி வருகிறது. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அது பல வாரம் இழுக்கும்.

மனு போட்டுப் பார்க்கும் சில நிமிடங்களில் வழக்கைப் பற்றிப் பேசுவதைவிட ஆளைப் பார்ப்பது முக்கியம். போன முறை போட்டிருந்த அதே சட்டையா, உதடு வெடித்திருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, கண் நம்மைத் தொடர்கிறதா, வாயில் எச்சில் வழிகிறதா, நடை எப்படி என்று பார்த்துவிட்டு வெளியே வந்ததும் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். அவர் வரமாட்டேன் என்றார் என்று சொன்னால், திரும்பி வந்துவிடாமல், அன்றே அவரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று நல அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். தன் வீட்டாரைப் பார்க்க ஒரு மனநோயாளி மறுக்கிறார் என்பது எப்போதுமே மருத்துவச் செய்தி. சாப்பிட மறுப்பதும் அப்படியே; அது உண்ணாவிரதம் என்று எழுதப்பட்டு ஒழுங்கு நடவடிக்கைக்குப் போவதற்குள் நோய் என்று எழுதப்பட வேண்டும். கூட இருக்கும் கைதிகளின் பெயரைத் தெரிந்துகொண்டு அவர்கள் வீட்டாரோடு பழகிக்கொள்ளும்படியும் சொல்கிறேன், ஏனென்றால் இரவில் அவரைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். காவலர்களிடம் சண்டை போடாமல், அவர்களுக்குப் புரியும்படி நோயைச் சொன்னால் பலர் கேட்கிறார்கள். ஒரு பிளாக்கில் ஒரு காவலருக்கு எத்தனை பேர் என்று பார்த்தவர்கள் அவர் மேல் மட்டும் கோபப்படமாட்டார்கள்.

தற்கொலையைப் பற்றியும் சொல்லவேண்டும். உள்ளே போன முதல் நாட்கள், ஜாமீன் தள்ளுபடியான நாள், தண்டனை சொன்ன நாள், குடும்பத்திலிருந்து துக்கச் செய்தி வந்த நாள், தனிச் செல்லுக்கு மாற்றிய நாள் ஆகியவை அதிகக் கவனம் வேண்டியவை. அந்த நாட்களில் யாராவது ஒருவர் மனு போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு முயன்றவர் என்றால் அதை எழுத்தில் சிறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சொன்னால் இன்னொரு வழக்கு வரும் என்று பல குடும்பங்கள் மறைக்கின்றன. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மனநோயாளியைக் கலவரம் செய்கிறார் என்று தனிச் செல்லில் அடைப்பது எனக்கு மிகவும் பயம் தரும் செயல். அங்கே அவரை ஊட்டிவிட்டுப் பார்க்க ஒரு பையன்கூட இருக்கமாட்டான். வெளியே இருக்கும் வீட்டாருக்கும் இந்த நாட்கள் தாங்க முடியாதவை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவிலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும், அல்லது செய்ய நேரமில்லாமலே, சாவுச் செய்தி வந்துவிட்டால், அந்த நாளில் எதையும் தாங்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் உடலை வாங்குவதற்கு முன் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். நீதிமன்றக் காவலில் நேர்ந்த சாவை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த விசாரணையில் உறவினர்களுக்கு இயன்றவரை தகவல் தந்து உடனிருக்க அனுமதிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவியோடு உடன்பிறந்தவர்களும் இருக்கிறார்கள். தங்கை எப்படி வர முடியும் என்று என்னிடம் கேட்டார்கள். பிரிவைப் படித்துக் காட்டிய பிறகு நாற்காலி போட்டார்கள். சிறை நிர்வாகம் 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவித்ததா என்று கேட்க வேண்டும். பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாக வேண்டும். மருத்துவரிடம் நோயையும் நின்றுபோன மாத்திரையையும் எழுதிக் கொடுத்து, உடல் எடை, நீரிழப்பு, வயிற்றில் உணவு இருந்ததா, கால் சிரைகளில் இரத்தக்கட்டி உண்டா, இரத்தத்தில் மருந்தளவு என்ன என்பவற்றைப் பார்க்கும்படி கேட்க வேண்டும். அவர் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் அதைத் தேடுவார். சிறை மருத்துவப் பதிவேடு, நேர்காணல் பதிவேடு, சாப்பாட்டை மறுத்ததற்கான குறிப்பு, கண்காணிப்புப் படக்கருவிப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைக்கும்படி நடுவரிடம் அன்றே மனுக் கொடுக்க வேண்டும். படக்கருவிப் பதிவு நெடுநாள் தங்காது. என் அண்ணன் வழக்கில் கைக்குக் கிடைத்தது நேர்காணல் பதிவேடு மட்டும்தான். வர மறுத்தார் என்று அதில் இருந்த ஒரு வரியே, சிறைக்கு அவருடைய மாற்றம் தெரிந்திருந்தது என்பதற்கு நடுவரின் அறிக்கையில் ஆதாரமாக ஏறியது. பிறகு ஒரு இழப்பீடும் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

உயிரோடு இருக்கும்போதே பயன்படும் ஒன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இருக்கிறது. உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இன்ன கைதிக்கு உள்ளே வந்த நாள்முதல் என்ன மருந்து, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியை அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, அவருடைய உறவினர் என்ற சான்றோடு கேட்கலாம். பதில் முழுமையாக வராவிட்டாலும் கேள்வி போன மறுநாள் மாத்திரை தொடங்கிய குடும்பங்களை நான் அறிவேன்.

இன்னொரு கேள்வியை நான் தனியாகக் கேட்டுவருகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, சிறையில் மனநோய் உள்ள கைதிகள் எவரும் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கையைச் சிறை மருத்துவர் காலாண்டுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அப்படி ஒருவர் இருந்தால், அவரை ஏன் மாற்றவில்லை என்று வாரியம் சிறைக்கே வந்து கேட்கலாம். குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் ஷீலா பார்சே வழக்கில் சொன்னது. ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் 2001 ஆகஸ்டில் தீயில் கருகியபோது நாடே திரும்பிப் பார்த்தது. சிறைக்குள் நோயோடு இருப்பவரை அப்படித் திரும்பிப் பார்க்கச் சட்டத்தில் வைத்திருக்கும் வழி இந்தக் காலாண்டு அறிக்கைதான். ஒவ்வொரு சிறையிலிருந்தும் அந்த அறிக்கை போகிறதா, போனதில் என்ன எழுதியிருக்கிறது, அதைப் படித்து வாரியம் எந்தச் சிறைக்குப் போனது என்பவற்றைத் தேதி வாரியாகக் கேட்டுத் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் போடுகிறேன். அவரவர் மாவட்டத்துச் சிறைக்கு இதே விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.